தோட்டத்து வாயிலில் காவலர்

குற்றமும் காவலும் தமிழிலக்கியத்துக்குப் புதிய பொருள்கள் அல்ல. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் நடுநாயகமாக நிற்பது ஒரு களவு வழக்கே. அரண்மனைச் சிலம்பு காணாமற் போகின்றது. அதைக் கவர்ந்த பொற்கொல்லன், சிலம்பு விற்க வந்த அயலூர் வணிகன் ஒருவனைக் கள்வனெனக் காட்டிக் கொடுக்கின்றான். அரசன் ஆராயாது ஆணையிடுகின்றான். காவலர் சென்று பார்க்கின்றனர். இவன் முகம் கள்வன் முகமாகத் தோன்றவில்லையே என்று அவர்களுள் ஒருவருக்கு ஐயமும் எழுகின்றது. ஆயினும் மதிமயங்கிய ஒருவனின் வாள் முந்திவிடுகின்றது. கொலை முடிந்த பின்னரே விசாரணை வருகின்றது. அதுவும், கணவனை இழந்த பெண் ஒருத்தி அரண்மனை வாயிலில் வந்து நின்று கேட்டமையால் வருகின்றது.

இந்தப் பழங்கதையின் காவலனுக்கும், பிற்காலத்துத் துப்பறியும் நாவலின் காவலனுக்கும் இடையே தூரம் அதிகம். மேலைநாட்டில் 1887ஆம் ஆண்டில் ஷெர்லக் ஹோம்ஸ் தோன்றிய பின்னர், குற்றத்தைக் கண்டுபிடிக்கும் மதிநுட்பமே கதையின் சுவையாயிற்று. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே. ஆர். ரங்கராஜுவும் அந்தச் சுவையைப் பல்லாயிரம் வாசகருக்கு ஊட்டினர். ரங்கராஜு படைத்த துப்பறியும் கோவிந்தன், 20ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் தமிழ் வாசகர் வீடுகளில் நன்கு அறிமுகமான பெயர். அவன் தோன்றும் ‘ராஜாம்பாள்’ 1935ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. எத்தனை சிக்கலான வழக்காயினும் இறுதியில் கோவிந்தன் உண்மையை வெளிக்கொணர்வான், நல்லோர் வாழ்வர், தீயோர் தண்டிக்கப்படுவர் என்ற நம்பிக்கையே அக்கதைகளுக்கு அடிநிலம்.

நாவலப்பிட்டி, ஹட்டன், நுவரெலியா என்று மேலேறிச் செல்லும் இலங்கை மலைநாட்டிலும் கதைகள் உண்டு; பாடல்கள் உண்டு; அவற்றில் பொலிசாரும் உண்டு. ஆனால் அந்த நம்பிக்கை அங்கே வேரூன்றியதாகத் தெரியவில்லை. காரணத்தை அறிய வேண்டுமாயின் சட்டப் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இலங்கையின் பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முந்திய ஆண்டிலேதான், கொழும்பு-கண்டி வீதியில் வழிப்பறி செய்து புகழ்பெற்ற உதுவன்கந்தை சரதியேல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். அவனைப் பிடிக்கச் சென்றபோது 1864 மார்ச் 21ஆம் நாள் கான்ஸ்டபிள் சபான் உயிரிழந்தார். அந்த நாளையே இலங்கைப் பொலிசார் தம் வீரர்களின் நினைவு நாளாகக் கொண்டாடுகின்றனர். செல்வரிடம் பறித்து எளியோர்க்கு ஈந்தவன் என்று சரதியேலைப் போற்றும் கதைகள் சிங்கள நாடகத்திலும் திரையிலும் இடம்பெற்றன. கள்வன், காவலன், கானகம் என மூன்றும் கூடிய அந்தக் கதை எந்த நாட்டுக் கதைக்கும் ஈடாகும்.

அதே 1865ஆம் ஆண்டில் வேறொரு சட்டமும் பிறந்தது. அது 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். அக்காலத்தில் மலைநாடு கோப்பித் தோட்டங்களின் நாடு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப்பயிராக நட்டது 1867இலேதான். கோப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர், முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுச் சென்றால், அல்லது வேலை செய்ய மறுத்தால், அது ஒப்பந்தம் மீறிய சிவில் வழக்காகக் கருதப்படவில்லை. சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கருதப்பட்டது. ஒருவன் எவரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. தான் வேலை செய்த இடத்தை விட்டு நடந்தான். அந்த நடையே அவனுக்கெதிராகப் பிடியாணை பிறக்கப் போதுமானதாயிற்று.

இதனுடன் ‘துண்டு’ என்னும் முறையும் சேர்ந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவனை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. அந்தக் காகிதம் கையில் இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. கடனோ, பெரும்பாலும் கடல் கடந்து வருவதற்காகப் பெரிய கங்காணியிடம் பெற்ற முற்பணத்திலிருந்து வளர்ந்தது. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சிறைத் தண்டனைப் பிரிவுகளும் அதே காலத்தையொட்டி நீங்கின. அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. பாட்டனிடமிருந்து பேரனுக்குப் போய்ச்சேர அது போதுமான காலம்.

மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அவற்றை அரிதின் முயன்று தேடித் தொகுத்தவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற அவரது தொகுப்பு 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து பறிக்கும்போது பாடும் பாட்டு என்று பலவகை அங்கே உண்டு. மலைநாட்டுப் பாடல்களில் முன்வரிசையில் நிற்போர் துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை ஆகியோரே. பொலிஸ்காரன் எங்கோ பின்னால் நிற்கின்றான். இதைக் கண்டு, பொலிசாரால் அம்மக்களுக்குத் தொல்லை இருக்கவில்லை என்று முடிவு கட்டுவது பிழையாகும். விடியற்காலையில் தப்பொலி கேட்டுப் பிரட்டுக்களத்துக்குச் செல்வதிலிருந்து, இரவில் லயத்துக் காம்பராவில் விளக்கணைப்பது வரை, தொழிலாளியின் நாளை அளந்தவர் கங்காணி. கடன் கணக்கு அவரிடம், பெயர்ப்பதிவு கணக்கப்பிள்ளையிடம், தீர்ப்பு துரையிடம். நாட்டின் சட்டம் அந்த மூவரின் உருவிலேதான் அன்றாடம் தொழிலாளிக்குக் காட்சி தந்தது. பொலிஸ் நிலையம் ஊரிலே இருந்தது. தோட்டத்து வாயிலுக்கு அது அழைக்கப்பட்டபோதே வந்தது. அழைத்தவரோ தொழிலாளி அல்லர்.

அழைக்கப்படாத குற்றங்களும் இருந்தன. புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை. தோட்டத்திலே அதிகாரம் படைத்தோரின் இச்சைக்கு அவள் இரையாகின்றாள். ஒரு துப்பறியும் நாவலாசிரியனுக்கு அங்கே கைநிறையக் கருப்பொருள் உண்டு. ஆனால் அந்தக் கதையில் முறைப்பாடு இல்லை, சாட்சி இல்லை, துப்பறிவோன் இல்லை. குற்றத்தைக் குற்றமென்று பதிவதற்கே ஆளில்லாத இடத்தில் துப்பறியும் கதை எங்கிருந்து பிறக்கும்?

ஆயினும் துப்பறிதல் மலைநாட்டுக்கு வந்தது. அதைக் கொண்டு வந்தவர் பொலிஸ் அதிகாரியல்லர்; தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர். தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. எனவே நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, துணிமூட்டையுடன் தோட்டங்களுக்குள் சென்றார் என்பது வரலாறு. நாவல்களில் துப்பறிவோன் மாறுவேடத்தில் கள்வர் குகைக்குள் நுழைவான். இங்கே மாறுவேடம் பூண்டவர் சட்டத்தின் கண்ணுக்கு அத்துமீறியவர்; அவர் தேடிச் சென்ற இரகசியமோ, லயத்தில் வாழ்ந்த மனிதரின் சம்பளமும் கடனும் உணவும். கண்டதை அவர் எழுதி வெளியிட்டார்.

அதே நடேசய்யர் 1924ஆம் ஆண்டில் ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’ என்ற கதையையும் எழுதினார் என்பது பலர் அறியாத செய்தி. தொழிலாளர் தலைவரெனப் புகழ்பெற்றவருக்குத் துப்பறியும் கதையில் என்ன வேலை என்று வியப்பதற்கில்லை. மறைக்கப்பட்டதைத் தேடுவதும், கண்டதைச் சான்றுடன் கூறுவதும் பத்திரிகைத் தொழிலுக்கும் உரியவை. 1931ஆம் ஆண்டில் அவர் ஹட்டன் நகரை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

அவருடைய கூட்டங்களில் பாட்டுக்குத் தனியிடம் இருந்தது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை மேடையேறிப் பாடுவார். தமிழ்நாட்டுச் சந்தைகளில் கொலைச்சிந்து என்ற ஒருவகைப் பாட்டுப் புத்தகம் விற்பனையாகும். எங்கோ நடந்த கொலையை, கொன்றவன் பெயர், கொலையுண்டவன் பெயர், பொலிசார் வந்தது, நீதிமன்றம் தண்டித்தது என்று வரிசையாகச் சொல்லும் பாட்டு அது. படிக்கத் தெரியாதவரும் கேட்டு மனத்திற் பதித்துக்கொள்வர். அந்தச் சிந்து மெட்டை மலைநாட்டார் தொழிலாளர் துயரைச் சொல்லப் பயன்படுத்தினர். செய்தித்தாள் எட்டாத லயங்களில், எந்தச் சட்டம் வந்தது, எந்த உரிமை உண்டு என்பதைச் சொன்னவை சிறு பிரசுரங்களாக வந்த இத்தகைய பாடல்களே. மீனாட்சி அம்மையின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது. கொலைச்சிந்து ஒரு மனிதனின் குற்றத்தைப் பாடியது; இவை ஒரு வாழ்க்கை முறையின் மீது குற்றப்பத்திரிகை படித்தன.

மலைநாட்டின் உண்மை வரலாற்றிலேயே, கற்பனையை விஞ்சிய ஒரு தேடுதல் கதை உண்டு. 1936ஆம் ஆண்டில் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற ஆங்கில இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்டத்தொழில் பழக வந்தார். மடுல்கலையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் அவர் சின்னத்துரைப் பயிற்சி பெற்றார். தொழிலாளரின் நிலை கண்டு மனம் மாறிய அவர் வேலையை இழந்தார். லங்கா சமசமாஜக் கட்சியினருடன் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் மேடையேறித் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசினார். வெள்ளையர் ஒருவர் தமிழ்த் தொழிலாளர் முன் வெள்ளைத் துரைமாரைக் குறை கூறியது அதுவரை கேட்டிராத செய்தி. அந்த மாதம் 22ஆம் நாள் தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். இரண்டு நாளில் கப்பலேற வேண்டியவர் காணாமற் போனார்.

தீவெங்கும் பொலிசார் தேடினர். மே 5ஆம் நாள் கொழும்புக் காலிமுகத் திடலில் பெருங்கூட்டம் கூடியிருக்க, தேடப்பட்டவர் மேடையிலே தோன்றிப் பேசினார்! பின்னர் அவர் கைதானபோது, வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். ஆராய்ந்த நீதியரசர்கள் மே 18ஆம் நாள் அவரை விடுவித்தனர். குற்றஞ் செய்யாத ஒருவரை அவ்வாறு நாடு கடத்தத் தேசாதிபதிக்கு அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம். இந்தக் கதையில் தேடியவர்கள் பொலிசார். உண்மையைக் கண்டுபிடித்தது நீதிமன்றம். சட்டம் என்பதும் அதிகாரம் என்பதும் ஒன்றல்ல என்பதை மலைநாட்டார் வெளிச்சத்திற் கண்ட நாட்களில் அதுவும் ஒன்று.

அடுத்த நிகழ்ச்சி அவ்வளவு மகிழ்ச்சியாக முடியவில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஜனவரி 10ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தொழிலாளி இறந்தார். அவர் பெயரும் கோவிந்தன்.

ரங்கராஜுவின் கோவிந்தன் காகிதத்தில் உயிர்பெற்று எத்தனையோ வழக்குகளைத் துலக்கினான். முல்லோயாக் கோவிந்தனின் வழக்கைத் துலக்க உயிருள்ள மனிதர் முன்வர வேண்டியிருந்தது. விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது; கோவிந்தனின் மனைவிக்காக வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா வாதிட்டார். அத்தோடு முடியவில்லை. முல்லோயா வழக்குகள் தொடர்பாக உள்நாட்டு அமைச்சர் விடுத்த பணிப்பை பொலிஸ்மா அதிபர் ஏற்க மறுத்ததும், தேசாதிபதி பொலிஸ்மா அதிபரின் பக்கம் நின்றதும் பெரும் நெருக்கடியாக வளர்ந்தன. 1940 பெப்ரவரியில் அமைச்சர் குழுவினர் பதவி துறந்தனர். பொலிசார் யாருக்குப் பொறுப்புடையவர், மக்கள் தெரிந்தெடுத்த அமைச்சருக்கா, முடியின் பிரதிநிதிக்கா என்ற கேள்வி, ஒரு தோட்டத் தொழிலாளியின் மரணத்திலிருந்து எழுந்து தலைநகரை அடைந்தது. சிலம்பை ஏந்திய பெண் கேட்ட கேள்வியின் வழித்தோன்றல் அது என்று சொல்வது மிகையாகாது.

மலைநாட்டில் இரத்தம் சிந்தியது ஒரு பக்கம் மட்டுமன்று என்பதையும் மறைக்கலாகாது. 1941ஆம் ஆண்டில், தொழிற்சங்கத் தகராறு மூண்டிருந்த ஸ்டெலன்பர்க் தோட்டத்தில் போப் என்னும் தோட்டத்துரை கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தொழிலாளர் இருவர் தூக்குமேடை ஏறினர். கொலைக்குத் தண்டனை உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. முறையிட வழியற்றுக் குமுறும் இடத்தில் சினம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையே அந்நிகழ்ச்சி காட்டிற்று.

சுதந்திரத்தின் பின்னரும் துப்பாக்கி ஓயவில்லை. 1956ஆம் ஆண்டில் டயகமத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் ஏப்ரகாம் சிங்கோ இறந்தார். தமிழ்த் தொழிலாளர் தோளோடு தோள் நின்ற சிங்களத் தொழிலாளி அவர். 1977 மே 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்த தொழிலாளர்மீது சுட்டதில், டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் உயிரிழந்தார்.

மலைநாட்டு நாவல் இத்தகைய நிகழ்ச்சிகளின் நிழலிலே வளர்ந்தது. சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலில் ஒரு தொழிலாளி தோட்டத்தில் சங்கம் அமைக்க முற்பட்டு, வேலையை இழக்கின்றான். வேலையோடு லயத்து அறையையும் இழக்கின்றான். வீடும் வேலையும் ஒரே கைச்சாத்தில் அடங்கியிருந்த இடத்தில், பிறந்த இடத்திலேயே ஒருவன் அத்துமீறியவன் ஆகிவிடுவான் என்பதை அந்நூல் உணர்த்துகின்றது. தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. தோட்டக் காணிகள் பறிபோவதையும் தொழிலாளர் அதை எதிர்த்து நின்றதையும் அது பொருளாகக் கொண்டது. இவற்றில் குற்றவாளி யார் என்ற மர்மம் கிடையாது. முதல் அத்தியாயத்திலேயே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்ததை நிரூபிக்க முடியுமா, நிரூபித்தாலும் கேட்பார் உண்டா என்பதே வாசகனை அடுத்த பக்கத்துக்கு இழுத்துச் செல்கின்றது.

வெள்ளித்திரையோ வேறொரு காவலரைக் காட்டியது. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954ஆம் ஆண்டில் பாட்டே இல்லாத துப்பறியும் படமாக வந்து புதுமை செய்தது. 1974இல் வந்த ‘தங்கப்பதக்கம்’ படத்தில் சிவாஜி கணேசன், கடமைக்காகப் பெற்ற மகனையும் மன்னிக்காத பொலிஸ் அதிகாரியாக நடித்தார். தமிழகப் படங்கள் மலைநகர்களின் திரையரங்குகளுக்கும் வந்தன. தோட்டத்து மக்கள் சம்பள நாளை ஒட்டித் திரண்டு வந்து கண்டு களித்தனர். வாழ்க்கையில் பொலிசாரை அஞ்சியவர்கள் திரையில் அவரைப் போற்றியது முரண்பாடு போலத் தோன்றலாம். உண்மையில் அதில் முரண்பாடு இல்லை. வேண்டியவன் வேண்டாதவன் பாராமல் நீதி செய்யும் காவலன் ஒருவன் எங்கேனும் இருக்க வேண்டும் என்ற ஏக்கம், அத்தகையவனை நேரிற் காணாதவர்க்கே மிகுதி. மலைநாட்டு வாழ்வை நேராகத் திரையில் வைக்கும் முயற்சியாக, வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் கதை மலைநாட்டு எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்புடையது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். மலைநாட்டுக் கலை பொலிசாரை வெறுக்கக் கற்பித்த கலையன்று. சரதியேலைப் போன்ற கொள்ளையனைப் பாடிப் பெருமைப்பட்ட கலையுமன்று. சட்டம் தன்னையும் காக்க வேண்டும் என்று கேட்ட கலை அது. துண்டுக் காகிதத்தில் தொடங்கி, நடேசய்யரின் துணிமூட்டை, பிரேஸ்கேர்டிலின் விடுதலை, முல்லோயா விசாரணை என்று வந்த ஒவ்வொரு கட்டத்திலும் தொழிலாளி நாடியது சாட்சியையும் விசாரணையையுமே.

ஆனால் சாட்சிகள் அழியக்கூடியவை. சிந்துப் பாடல்கள் அச்சான காகிதம் மலிவானது. மலைநாட்டு மழையும் கறையானும் அவற்றைத் தின்றன. பாடிய பாட்டிமார் மறைந்தபோது பாட்டும் மறைந்தது. சி. வி. வேலுப்பிள்ளை போன்ற சிலர் நடந்து திரிந்து எழுதி வைத்திராவிடின், அரசாங்கக் கோவைகளும் தோட்டத்துரைமாரின் நினைவுக் குறிப்புகளும் மட்டுமே எஞ்சியிருக்கும். அவற்றில் தொழிலாளி குற்றஞ்சாட்டப்பட்டவனாகவோ எண்ணிக்கையாகவோ மட்டுமே வருவான்.

ஜனவரி 10ஆம் நாளை மலைநாட்டார் தம் தியாகிகள் தினமாக நினைவு கூர்கின்றனர். அன்று கோவிந்தன் முதலாக வரிசையாகப் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தில் குற்றவாளியின் பெயர் வெளிப்படும். படித்தவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உறங்கச் செல்வர். இந்தப் பட்டியலில் வாசிக்கப்படுபவை இறந்தவர்களின் பெயர்கள். வீட்டில் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றோ, பாட்டியின் நாவில் எஞ்சிய ஒரு சிந்தோ உடையவர், அதை எழுதிப் பாதுகாத்து வைப்பாராயின், அந்தப் பெயர்களுக்குரிய கதையும் கூடவே வாழும்.